தாத்தாவின் .315 ரைபிளை வேறு தோட்டாவுக்கு மாற்ற முடியுமா? வைல்டுகேட் பற்றித் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

அஞ்செட்டிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். அஞ்செட்டிப் பக்கம் காட்டை ஒட்டி எங்கள் நிலம், ராகியும் அவரையும் போடுகிறோம். தாத்தாவிடம் ஒரு .315 போல்ட் ரைபிள் இருந்தது. 1962-இல் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார். பழைய புத்தகத்தின் முதல் பக்கத்தில் சேலம் மாவட்ட முத்திரை, அப்புறம் தர்மபுரி, கடைசியில் கிருஷ்ணகிரி. இப்போது அவருக்கு 88 வயது. வாரிசு முறையில் போன வருடம் லைசென்ஸ் என் பெயருக்கு வந்துவிட்டது, அதில் பிரச்சினை ஒன்றுமில்லை.

தோட்டாதான் பிரச்சினை. சேலத்தில் கேட்டால் இல்லை, பெங்களூரில் கேட்டால் அடுத்த மாதம் வாங்க என்கிறார்கள், கிடைத்தாலும் விலை கையைக் கடிக்கிறது. அதே கடையில் .30-06 இருக்கிறது என்றார்கள். யூடியூபில் பார்த்தால் அமெரிக்காவில் இதே மாதிரி லீ-என்ஃபீல்டு என்ற பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைபிளை வாங்கி, சேம்பரை, அதாவது குழலில் தோட்டா உட்காரும் இடத்தை, வேறு தோட்டாவுக்கு வெட்டி, அதற்கு வைல்டுகேட் என்று பெயர் சொல்கிறார்கள். ஓசூரில் லேத் வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "ஓட்டையைக் கொஞ்சம் பெருசு பண்ணா போதும், அரை நாள் வேலை" என்றார். செய்யலாமா? வைல்டுகேட் என்றால் சரியாக என்ன? எனக்கு ஒன்றுமே தெரியாது, அடிப்படையிலிருந்து சொன்னால் நல்லது.

டூல்ரூம் ஓசூர்

தம்பி, முதலில் அந்த ரைபிளை லேத் பக்கம் கொண்டு போகாதீர்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நான் 31 வருடம் டூல்ரூமில் ரீமரும் (துளையைச் சரியான அளவுக்குச் சீவும் கருவி) கேஜும் (அளவு பார்க்கும் கருவி) செய்தவன். துப்பாக்கித் தொழில் எனக்குக் கிடையாது. ஆனால் ஒரு துளைக்குள் ஒரு பொருள் எவ்வளவு இறுக்கமாக, எந்த இடத்தில் போய் உட்கார வேண்டும் என்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. சேம்பரை ஓட்டை என்று சொல்லும் ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

.315 தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். தோட்டா உள்ளே போகும்போது அந்த விளிம்புதான் குழலின் பின்முகத்தில் தட்டி நிற்கிறது. .30-06-க்கு அப்படி நீட்டிய விளிம்பு கிடையாது. அதன் உடம்பு குறுகிக் கழுத்தாகிற இடத்தில் ஒரு சரிவு இருக்கிறதே, தோள் என்பார்கள், அது சேம்பருக்குள் உள்ள தோளில் முட்டித்தான் நிற்கும். ஒன்று பின்னால் நிற்கிறது, ஒன்று முன்னால் நிற்கிறது. இந்த நிற்கும் இடத்துக்கும், தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவில் உள்ள தூரத்தைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். அதைப் பார்க்க இரண்டு கேஜ் உண்டு, கோ, நோ-கோ என்று. கோ கேஜில் போல்ட் மூட வேண்டும், நோ-கோவில் மூடக் கூடாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான். ஜெராக்ஸ் தாள் ஒன்றை எடுத்துத் தடவிப் பாருங்கள், அதன் கனமே சுமார் 0.1. உங்கள் சொந்தக்காரர் அரை நாளில் கண்ணளவில் வெட்டினால் எத்தனை தாள் தப்பும் என்று யோசியுங்கள்.

அது மட்டுமில்லை. .315-இன் பித்தளைக் கூடு 50 மில்லிமீட்டர் நீளம், .30-06-இன் கூடு 63. குண்டோடு சேர்த்தால் .30-06 கிட்டத்தட்ட 85 மில்லிமீட்டர் வரும். லீ-என்ஃபீல்டு மேகசின் .303-க்காக அமைந்தது, அந்தத் தோட்டா 78 மில்லிமீட்டர். அதாவது அது பெட்டிக்குள்ளேயே போகாது. போல்ட் முகம், சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் எல்லாமே விளிம்புள்ள தோட்டாவுக்காகச் செய்தவை. குழலின் உள்விட்டமும் வேறு. எதை "கொஞ்சம் பெருசு" பண்ணுவது?

பாலக்கோடு டு யூட்டா

டூல்ரூம் ஐயா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். நான் பாலக்கோட்டுக்காரன், இப்போது சால்ட் லேக் சிட்டியில் இருக்கிறேன். இங்கே இது சட்டப்படி செய்யக்கூடிய பொழுதுபோக்கு, நானும் ஒரு ரைபிள் கட்டியிருக்கிறேன். அதனால் வைல்டுகேட் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

தொழிற்சாலை எதுவும் செய்து விற்காத, கடையில் வாங்க முடியாத தோட்டாதான் வைல்டுகேட். யாரோ ஒருவர் ஏற்கனவே உள்ள ஒரு பித்தளைக் கூட்டை எடுத்து, கழுத்தைச் சுருக்கியோ விரித்தோ, தோளைத் தள்ளியோ, உடம்பின் சரிவைக் குறைத்தோ புதிதாக ஒன்று பண்ணுகிறார். அதற்கு ஏற்ற ரீமர் செய்யச் சொல்லி, ஒரு குழலில் சேம்பர் வெட்டி, கூட்டை அந்த வடிவத்துக்கு அழுத்தும் டை செய்து, பிறகு சுடுகிறார். பெரும்பாலானவை அந்த ஒரு ரைபிளோடு முடிந்துவிடும். சில பிழைத்து ஊருக்கே வந்துவிடும். .22-250 அப்படித்தான், .250 சாவேஜ் கூட்டின் கழுத்தைச் சுருக்கிப் பல பேர் பல வருடம் சுட்ட பிறகு 1965-இல் ரெமிங்டன் கம்பெனி அதைத் தன் தோட்டாவாக எடுத்துக்கொண்டது. .25-06 அதைவிடப் பொறுமை, 1920 வாக்கில் பிறந்து 1969-இல்தான் கடைக்கு வந்தது. .257 ராபர்ட்ஸ் ஜெர்மன் 7×57 மவுசர் கூட்டிலிருந்து வந்தது, 1934.

இந்த ஊரில் பி.ஓ. ஆக்லி என்று ஒரு துப்பாக்கித் தொழிலாளி இருந்தார், 1989-இல் இறந்துவிட்டார். கடையில் கிடைக்கும் தோட்டாவையே போட்டுச் சுடும்படி, ஆனால் சேம்பர் கொஞ்சம் அகலமாகவும் தோள் 40 டிகிரி செங்குத்தாகவும் இருக்கும்படி வெட்டுவது அவர் வழி. சாதாரணத் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் அழுத்தத்தில் பித்தளை விரிந்து சேம்பரின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். வெளியே வரும்போது அது புது வடிவக் கூடு. இதை ஃபயர்-ஃபார்மிங் என்பார்கள். என் ரைபிள் .280 ஆக்லி இம்ப்ரூவ்டு. பழைய மவுசர் 98 ஆக்ஷன் (போல்ட்டும் அது ஓடும் உடம்பும்), புதுக் குழல், சேம்பர் வெட்டியது லைசென்ஸ் உள்ள ஒரு பெரியவர். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன், சில்லு துடைத்தேன், அவ்வளவுதான்.

முதல் கூடு சுட்டு வெளியே வந்தபோது கையில் எடுத்துப் பார்த்தேன். உள்ளே போனது ஒரு வடிவம், வந்தது ஒரு வடிவம், தோள் அப்படியே கத்தியில் சீவினாற்போல நின்றது. அந்த நிமிடத்துக்காகத்தான் நான் இத்தனை செலவும் செய்தேன் என்று தோன்றியது.

அஞ்செட்டிக்காரன்

நன்றி ஐயா, நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். சாதாரணத் தோட்டாவைப் பெரிய சேம்பரில் போட்டுச் சுடலாம் என்றால், ஹெட்ஸ்பேஸ் 0.1-இலேயே பிரச்சினை என்று ஐயா சொல்வதோடு முட்டுகிறதே?

பாலக்கோடு டு யூட்டா

நல்ல கேள்வி தம்பி. எல்லோரும் தடுக்கிற இடம் இதுதான்.

ஆக்லி சேம்பர் பெரிதாவது பக்கவாட்டிலும் தோளின் கோணத்திலும்தான். கழுத்தும் தோளும் சேரும் புள்ளி இருக்கிறதே, அதைப் பழைய இடத்திலேயே, சொல்லப் போனால் 0.1 மில்லிமீட்டர் பின்னாலேயே வைப்பார்கள். சாதாரணத் தோட்டாவைப் போட்டால் அந்த ஒரு வளையத்தில் லேசாக நசுங்கி இறுக்கமாக நிற்கும். போல்ட் மூடும்போது கையில் அந்த இறுக்கம் தெரியும், தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சுடக் கூடாது. இறுக்கம் இல்லாமல் முன்னே பின்னே ஆடினால், சுடும்போது கூட்டின் முன்பாதி அழுத்தத்தில் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளும், பின்பாதி போல்ட்டை நோக்கி ஓடும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலிந்து, அடியிலிருந்து ஒரு விரற்கடை மேலே சுற்றி வெட்டினாற்போல அறுந்துவிடும். வாயு அந்த வழியாகப் பின்னால் வரும். அங்கேதான் நம் முகம் இருக்கிறது.

இன்னொன்று. .280 ஆக்லியை நாஸ்லர் கம்பெனி 2007-இல் முறைப்படி பதிவு செய்தபோது, பழைய ஆக்லி அளவைவிட ஹெட்ஸ்பேஸ் சுமார் 0.014 அங்குலம், அதாவது 0.36 மில்லிமீட்டர் குறைவாக வந்தது. ஒரே பெயரில் இரண்டு சேம்பர். பழைய அளவில் வெட்டிய குழலில் புதுத் தோட்டாவைப் போட்டால் மேலே சொன்ன ஆட்டம் வந்துவிடும். இரண்டும் சட்டப்படி செய்தவை, இரண்டும் நல்ல வேலை, இருந்தாலும் சேராது. அதனால்தான் குழலின் மேலேயே எந்த அளவு என்று பொறித்து வைக்கச் சொல்கிறார்கள். வைல்டுகேட் ரைபிள் கட்டியவன் செத்த பிறகு அது யார் கைக்குப் போகும் என்று தெரியாது அல்லவா.

பழைய தோட்டா

இந்த இழையைப் படித்துக்கொண்டே இருந்தேன், ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தம்பி, உங்கள் .315 ஏன் .303 ஆக இல்லை என்று யோசித்ததுண்டா? அதே லீ-என்ஃபீல்டு வடிவம், அதே போல்ட். .303 ராணுவத் தோட்டா, நம் நாட்டில் தனியார் வைத்துக்கொள்ளக் கூடாது என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே தடை. அதனால் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையின் 8×50 விளிம்புத் தோட்டாவை எடுத்து, அதற்கேற்ற குழலைப் போட்டு, .315 என்று தனியாருக்கு விற்றார்கள். இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. செய்தது, பிறகு நம் இச்சாபூர் தொழிற்சாலை. அடிப்படை ரைபிள் ஒன்றுதான், சட்டத்துக்காகத் தோட்டா மாறியது.

யானை, புலிக்கான பெரிய ரைபிள்களிலும் இதே கதை. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 தோட்டாவைத் தடை செய்தார்கள். பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவ ரைபிள்களுக்கு அந்தக் குண்டு போய்ச் சேரும் என்ற பயம். உடனே இங்கிலாந்துக் கம்பெனிகள் .450-ஐக் கொஞ்சம் தள்ளி .465, .470, .475 என்று வரிசையாகக் கொண்டுவந்தன. மிருகத்துக்கு அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை, சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்தால் போதும்.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலும் ராணுவத் தோட்டாவுக்குக் கட்டுப்பாடு. அங்கே போர் முடிந்து குவிந்து கிடந்த லீ-என்ஃபீல்டுகளுக்கு .303 கூட்டின் கழுத்தையே .25-க்குச் சுருக்கி .303/25 என்று ஒன்று பண்ணினார்கள், கங்காருவுக்கும் நரிக்கும். பண்ணைக்குப் பண்ணை அது ஓடியது. வைல்டுகேட் ஆசையால் மட்டும் பிறப்பதில்லை, கையில் என்ன ரைபிள் இருக்கிறது, என்ன பித்தளை கிடைக்கிறது, சட்டம் எதை விடுகிறது என்ற மூன்றும் சேர்ந்து பெற்ற பிள்ளை அது. உங்கள் தாத்தாவின் .315-உம் அந்தக் குடும்பம்தான். அதைப் போய் வெட்டுவதா?

நம் ஊர்க் காட்டுக்கே வருகிறேன். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம் பக்கமெல்லாம் ஆட்கொல்லிகளைத் தேடி வந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 வின்செஸ்டர், 1895 மாடல் லீவர் ரைபிள். அந்தத் தோட்டாவின் தயாரிப்பும் பின்னாளில் நின்றுபோனது, பல வருடம் கழித்துத்தான் மறுபடி வந்தது. ரைபிள் நூறு வருடம் இருக்கும், தோட்டா செய்கிறவன் அதுவரை இருப்பானா என்பதுதான் எப்போதும் கேள்வி.

மலையோரம்

எல்லோரும் ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். அமெரிக்காவில் ஒருவர் ஜப்பான்காரனின் 6.5 மில்லிமீட்டர் அரிசாகா ரைபிளில் சேம்பரை மட்டும் .30-06-க்கு வெட்டிவிட்டு, குழலை அப்படியே விட்டுச் சுட்டார், ஒன்றும் ஆகவில்லை, அதில் மான் கூட வேட்டையாடினார் என்று படித்தேன். 7.62 குண்டு 6.5 குழல் வழியே பிதுங்கிப் போயிருக்கிறது. அப்படியானால் இரும்பு தாங்கத்தானே செய்கிறது?

டூல்ரூம் ஓசூர்

அந்த ஒன்று தாங்கியது. அரிசாகா ஆக்ஷன் பழைய ராணுவ ரைபிள்களிலேயே மிகவும் உறுதியானது என்று ஆக்லியே பல ஆக்ஷன்களை வேண்டுமென்றே வெடிக்க வைத்துப் பார்த்துச் சொன்னவர். அதில் பூட்டும் காதுகள் போல்ட்டின் முன்பக்கம் இருக்கின்றன, தோட்டாவுக்கு ஒட்டினாற்போல. மவுசரும் அப்படித்தான். லீ-என்ஃபீல்டில் காதுகள் பின்பக்கம். சுடும்போது போல்ட் முழுவதும் அமுங்கும், ஆக்ஷன் கொஞ்சம் நீளும், கூடு அதற்கேற்ப இழுபடும். வேகமாகச் சுட அருமையான வடிவம், அதிக அழுத்தத்துக்குச் செய்தது அல்ல. .303-இன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 49,000 பவுண்டு, .30-06 60,000. நம் ராணுவத்துக்கு 1962 சீனப் போருக்குப் பிறகு 7.62 தோட்டாவுக்கு இதே வடிவில் ரைபிள் தேவைப்பட்டபோது இச்சாபூரில் பழைய ரைபிளை எடுத்துச் சேம்பர் வெட்டவில்லை. மேம்பட்ட எஃகில் புதிதாகவே செய்தார்கள், 2ஏ, 2ஏ1 என்று. ரைபிள் தொழிற்சாலையே அப்படி யோசித்த இடத்தில் நாம் என்ன துணிவது?

பிழைத்த ஒருவர் கதை ஊருக்கெல்லாம் தெரியும் தம்பி. பிழைக்காதவர் வீட்டில் யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

பென்னாகரம் ரெட்டைக்குழல்

எழுத யோசித்தேன், மேலே கேட்ட தம்பிக்காக எழுதுகிறேன்.

எங்கள் சித்தப்பாவிடம் பழைய ரெட்டைக்குழல் 12 போர் இருந்தது, சேம்பர் 65 மில்லிமீட்டர். புதிதாக வரும் தோட்டா 70. உள்ளே போகும், மூடும், ஆனால் சுடும்போது தோட்டா வாயின் மடிப்பு விரிய இடம் போதாது. யாரோ சொன்னார்கள் என்று ஒரு பட்டறையில் கொடுத்துச் சேம்பரை நீட்டினார். அந்த ஆள் நல்ல ஆள்தான், போர் மோட்டார் வேலையில் கெட்டிக்காரர், துப்பாக்கியில் பழக்கமில்லை. பைலட் (துளைக்குள் நேராக வழிகாட்டும் மூக்கு) இல்லாத ரீமர், குழலின் நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் சாய்ந்து போயிருக்கிறது. ஒரு பக்கம் சுவர் கனம், ஒரு பக்கம் மெல்லிசு. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நாலைந்து மாதம் நன்றாகவே சுட்டது.

ஒரு நாள் ராத்திரி நிலக்கடலைக் காட்டில் பன்றி விரட்ட மேலே பார்த்துச் சுட்டார். சேம்பருக்கு முன்னால், இடது கை பிடிக்கும் இடத்தில், குழல் கீறி விரிந்தது. இரண்டு விரல் போனது. தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது துண்டில் சுற்றிய கையை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அப்போது பதினான்கு வயது. அந்தப் பட்டறைக்காரர் ஆஸ்பத்திரி வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். சித்தப்பா அவர் மேல் கேஸ் கொடுக்கவில்லை, துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார். இன்றைக்கும் வலது கையாலேயே எல்லாம் செய்கிறார்.

மலையோரம்

மன்னிக்கணும் அண்ணா. நான் படித்ததை வைத்துப் பேசிவிட்டேன்.

கோர்ட் வாசல் கிருஷ்ணகிரி

சட்டப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5. துப்பாக்கியோ தோட்டாவோ செய்வது, விற்பது மட்டுமல்ல, மாற்றுவது, ரிப்பேர் பார்ப்பது, சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றுக்குமே அதற்கென்று தனி லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்ளும் லைசென்ஸ், செய்யும் லைசென்ஸ் அல்ல. சொந்தக்காரரின் லேத்தில் வைத்தால் அவரும் உள்ளே, நீங்களும் உள்ளே. 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 25(1)-இல் குறைந்தபட்சமே ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். காலிக் கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து வீட்டில் தோட்டா கட்டுவதும் இதே பிரிவுதான், அதையும் யோசித்திருந்தால் விட்டுவிடுங்கள்.

உங்கள் லைசென்ஸில் எந்த போர் (குழல் அளவு) என்று எழுதியிருக்கிறதோ அந்த போர்தான். .315-க்கு எழுதிய லைசென்ஸில் .30-06 ரைபிள் இருந்தால் அது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி மாதிரிதான். .30-06 வேண்டுமென்றால் நேர் வழி இருக்கிறது. இரண்டு துப்பாக்கி வரை ஒருவர் வைத்துக்கொள்ளலாம் (முன்பு மூன்று). கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்து இரண்டாவதாக வாங்குங்கள், அல்லது இதை லைசென்ஸ் உள்ள டீலரிடம் கொடுத்துவிட்டு அதை எடுங்கள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நாட்டுத் துப்பாக்கிக் கேஸ்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன், முக்கால்வாசிப் பேர் பயிரைக் காப்பாற்ற வைத்திருந்தவர்கள்தான். உங்களிடம் மூன்று மாவட்ட முத்திரை உள்ள சுத்தமான புத்தகம் இருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டூல்ரூம் ஓசூர்

வக்கீல் தம்பி சொன்னதோடு தம்பியின் கேள்வி முடிந்துவிட்டது என்று நினைக்கிறேன். யூட்டா தம்பியிடம் எனக்காக ஒன்று கேட்கிறேன், ஓய்வு பெற்றாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அந்தப் பெரியவர் ரீமரை எப்படிப் பிடித்தார்? லேத்தின் பின்முனையான டெயில்ஸ்டாக்கில் நேராகக் கட்டினால், டெயில்ஸ்டாக் மையம் கொஞ்சம் விலகியிருந்தாலும் சேம்பரின் பின்வாய் அகன்றுவிடுமே?

பாலக்கோடு டு யூட்டா

ஐயா, சரியாக அங்கேதான் கை வைத்தீர்கள். அவர் நேராகக் கட்டவே இல்லை. ரீமர் ஹோல்டர் கொஞ்சம் மிதக்கிற மாதிரி இருந்தது. ரீமரின் மூக்கில் உள்ள பைலட் குழலின் துளையில் வழுக்கிக்கொண்டு போகும், அதுதான் வழிகாட்டி. டெயில்ஸ்டாக் தள்ள மட்டும் செய்யும், எங்கே போக வேண்டும் என்று சொல்லாது. பைலட்டும் தனித்தனி அளவில் வைத்திருந்தார், குழலின் துளைக்கு எது இடைவெளி இல்லாமல் வழுக்கிப் போகிறதோ அதைத் தேர்ந்து மாட்டினார். அதற்கும் முன்னால் குழலை லேத்தில் ஏற்றி, வெளிவட்டத்தை விட்டுவிட்டு உள் துளையை வைத்து டயல் பார்த்துக்கொண்டே இருந்தார், காலை முழுக்க அதிலேயே போனது. சேம்பர் வெட்டியது அதில் பாதி நேரம்கூட இல்லை. கொஞ்சம் வெட்டுவார், வெளியே எடுப்பார், சில்லைத் துடைப்பார், எண்ணெய் விடுவார், மறுபடி உள்ளே. கடைசியில் கோ கேஜைப் போட்டு, அளந்து, மீண்டும் ஒரு தாளின் கால்வாசி. கேஜில் போல்ட் மூடிய சத்தத்தை என்னையும் கேட்கச் சொன்னார்.

பித்தளை பற்றியும் சொல்ல வேண்டும். தோட்டாக் கூடு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். அடிக்க அடிக்க, மடக்க மடக்க இறுகிவிடும், பிறகு கழுத்து வெடிக்கும். அதனால் கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்க வேண்டும், அடிப்பாகத்துக்குச் சூடு போகவே கூடாது. இதை அவர் விளக்க ஆரம்பித்ததும் எனக்குச் சின்ன வயதில் பாலக்கோட்டில் பார்த்த கன்னார் நினைவு வந்துவிட்டார். பித்தளைக் குடத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார், பாதியில் உலையில் வைத்து எடுப்பார், மறுபடி தட்டுவார். ஏன் தாத்தா என்று கேட்டால் "அதுக்குக் கோபம் வந்துடுச்சு, ஆத்தணும்" என்பார். அதே வேலைதான் இங்கேயும்.

டூல்ரூம் ஓசூர்

துளையை வைத்து மையம் பிடித்தார் என்றீர்களே, அது போதும், அவர் வேலைக்காரர். நானும் என்னிடம் வந்த பையன்களுக்கு அதைத்தான் முதலில் சொல்வேன். சேம்பர் வெட்டிய பிறகு சோதனைக்கு அனுப்பினாரா? இங்கிலாந்தில் பர்மிங்காம் சோதனை மனை 1813-லிருந்து இருக்கிறது, சேம்பர் மாற்றினால் அதிக அழுத்தத் தோட்டா போட்டுச் சுட்டுப் பார்த்து மறுபடி முத்திரை குத்த வேண்டும்.

பாலக்கோடு டு யூட்டா

இங்கே அப்படி அரசாங்கச் சோதனை கட்டாயம் இல்லை ஐயா. ஆனால் அவர் முதல் சில தோட்டாக்களை ரைபிளைக் கட்டையில் கட்டி, நீளக் கயிற்றால் விசையை இழுத்துச் சுட்டார். ஒவ்வொரு கூட்டையும் எடுத்து, உள்ளே வளைந்த கம்பியை விட்டு அடிப்பக்கம் பள்ளம் தட்டுகிறதா என்று தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டவில்லை என்ற பிறகுதான் என் தோளில் வைக்க விட்டார்.

அஞ்செட்டிக்காரன்

எல்லோருக்கும் நன்றி, பத்து நாள் கழித்து வருகிறேன். சொந்தக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், இந்த இழையையும் காட்டினேன். சித்தப்பா விரல் கதையைப் படித்துவிட்டு அவரே பேசாமல் இருந்தார்.

ரைபிளை லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையில் காட்டினேன். கேஜ் போட்டுப் பார்த்தார், ஹெட்ஸ்பேஸ் சரியாக இருக்கிறதாம். போல்ட்டின் தலை மட்டும் தனியாகக் கழன்று வருகிறது, தேய்ந்தால் அந்தத் தலையை மட்டும் மாற்றிச் சரி செய்யும்படிதான் இதைச் செய்திருக்கிறார்கள் என்று காட்டினார், எனக்கு இத்தனை நாள் தெரியாது. குழலுக்குள் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருக்கின்றன, பெரிதாக இல்லை. இந்த வயது ரைபிளுக்கு இது நல்ல குழல், யாரோ ஒழுங்காகக் கழுவியிருக்கிறார்கள் என்றார்.

தாத்தா சுட்ட அன்று ராத்திரியே கொதிக்கிற தண்ணீரைக் குழலில் ஊற்றுவார், பிறகுதான் எண்ணெய். நாங்கள் எல்லாம் தண்ணீர் விட்டால் துருப்பிடிக்கும் தாத்தா என்று சண்டை போடுவோம்.

பாலக்கோடு டு யூட்டா

தாத்தா செய்ததுதான் சரி! பழைய தோட்டாக்களின் பிரைமரில் (அடியில் தீப்பொறி கிளப்பும் மூடி) பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது ஒரு உப்பாகக் குழலில் படியும், நம் சாப்பாட்டு உப்பு மாதிரியே காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் அது கரையாது, எண்ணெய்க்கு அடியில் இருந்துகொண்டே அரிக்கும். தண்ணீரில்தான் கரையும், கொதிநீர் என்றால் குழல் சூடாகித் தானே காய்ந்தும் விடும். தாத்தாவிடம் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள் தம்பி.

அஞ்செட்டிக்காரன்

கேட்டேன் அண்ணா. லைசென்ஸ் வாங்கிய வருடம் தளி பக்கத்தில் ஒரு ஓய்வு பெற்ற சிப்பாய் சொல்லிக் கொடுத்தாராம், பெயர் மறந்துவிட்டது என்கிறார். "துப்பாக்கியைக் குழந்தை மாதிரி வெந்நீரில் குளிப்பாட்டு" என்று சொன்னாராம்.

தோட்டாவுக்குப் பெங்களூர் கடையிலேயே சொல்லி வைத்திருக்கிறேன். புனே பக்கத்துக் கட்கி தோட்டாத் தொழிற்சாலைச் சரக்கு வந்தால் கூப்பிடுவார்கள். வருடத்துக்கு எனக்கு எத்தனை வேண்டும், பன்றியை விரட்ட வானத்தில் ஒன்று, இரண்டு. .30-06 ஆசையை விட்டுவிட்டேன்.

டூல்ரூம் ஓசூர்

நல்லது தம்பி. ஒரு உதவி. சுட்ட காலிக் கூடு ஒன்று வைத்திருந்தால் விளிம்பின் கனத்தை மைக்ரோமீட்டரில் நாலு இடத்தில் அளந்து போடுங்கள், போல்ட் தலையின் முகத்திலிருந்து விளிம்புக்கு எவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்க்க ஆசை. மைக்ரோமீட்டர் இல்லாவிட்டால் ஓசூர் வரும்போது வீட்டுக்கு வாங்க, நானே அளக்கிறேன். கூடு மட்டும் போதும், ரைபிள் வேண்டாம்.

அஞ்செட்டிக்காரன்

கூடு தாத்தாவின் பெட்டியில் இருக்கிறது ஐயா, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். போல்ட் தலை அளவுக்குத்தான் கொஞ்சம் பொறுக்க வேண்டும். தேர்தல் அறிவித்துவிட்டார்கள், ரைபிளை நேற்று ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கியிருக்கிறேன். திரும்பி வந்ததும் அளந்து இங்கேயே போடுகிறேன்.